கேப் விடாலில் டென்ட் போட: டர்பனிலிருந்து கிளம்பும் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

டர்பனுக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் கேப் விடாலுக்கு முதல் முறை போனபோது கார் ஹெட்லைட் வெளிச்சத்தில்தான் டென்ட் அடித்தோம். அவசரத்தில் அடித்த ஆணி ஒன்றுகூட மணலில் நிற்கவில்லை. நள்ளிரவில் காற்று திரும்பியதும் மேல்துணி அவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தவர்கள் முகத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கத்துக் குடும்பங்களோடு பலமுறை போய் வந்துவிட்டேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் உண்டு, என்னைப் போல வேலைக்காக ஊரிலிருந்து வந்தவர்களும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். என்னென்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருக்கும். எதை முதலில் செய்வது என்பதுதான் தெரிந்திருக்காது.

அதனால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதல் பயணமே கடலுக்கு வேண்டாம்

இதுவரை டென்டில் படுத்ததே இல்லையென்றால் முதலில் மிட்மார் அணைக்கு ஒரே ஒரு இரவு போய் வாருங்கள். டர்பனிலிருந்து என்3 சாலையில் சுமார் 100 கிலோமீட்டர், ஹோவிக் பக்கம். தரை புல்லும் மண்ணுமாக இருப்பதால் சாதாரண ஆணியே பிடிக்கும். ஏதாவது மறந்திருந்தால் ஹோவிக்கில் வாங்கிக்கொள்ளலாம். குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லையென்றால் இரவோடு இரவாக வீட்டுக்கே திரும்பிவிடலாம். ஜூன், ஜூலையில் அங்கே உறைபனி விழும், கம்பளி கூடுதலாக வேண்டும். பிப்ரவரியில் மிட்மார் மைல் நீச்சல் போட்டி நடக்கும் வார இறுதியில் மட்டும் அந்தப் பக்கம் தலைவைக்காதீர்கள். கூட்டம் தாங்காது.

இரண்டாவது பயணம் கேப் விடால். ஐசிமங்கலிசோ பூங்காவின் கிழக்குக் கரைப் பகுதியில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பங்காசி ஏரி, நடுவில் மணல்மேட்டுக் காட்டுக்குள் முகாம். சாலை முகாம் வரை தார் போட்டது என்பதால் சாதாரண காரே போதும். இந்த வழிகாட்டி பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

சொட்வானா பே, கோசி பே எல்லாம் மூன்றாவது, நான்காவது பயணத்துக்கு. தூரமும் அதிகம், மணல் பாதையும் அதிகம். கோசி முகத்துவாரத்துக்குப் போக அனுமதிச் சீட்டும் ஃபோர் பை ஃபோர் வண்டியும் வேண்டும். அங்கே மணலில் இறங்குமுன் டயர் காற்றை ஏறக்குறைய 1 பார் அளவுக்குக் குறைக்க வேண்டும், திரும்பத் தார்ச்சாலை ஏறும்போது நிரப்ப வேண்டும். கம்ப்ரசர் இல்லாமல் போனால் காற்றை இறக்கத்தான் முடியும், ஏற்ற முடியாது. இதைச் சொல்லியும் கேட்காமல் போனவர்கள் எங்கள் குழுவில் உண்டு.

2. நாள் குறிக்கத் தமிழ் நாள்காட்டியை எடுங்கள்

முன்பதிவுப் பக்கத்தைத் திறக்கும் முன் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பாருங்கள். சாஸ்திரத்துக்காக இல்லை, கடலுக்காக.

கேப் விடாலில் குழந்தைகளுக்குப் பிடித்தது தாழ்நீரில், அதாவது கடல் இறங்கியிருக்கும் நேரத்தில், பாறைக் குளங்களில் கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்ப்பதுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக ஏறும், நன்றாக இறங்கும். இந்தக் கரையில் அந்த நாட்களில் தாழ்நீர் காலை 10 மணியை ஒட்டி வரும். வெயிலும் ஏறியிருக்கும், பாறைகளும் வெளியே தெரியும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அஷ்டமி வாக்கில் போனால் தாழ்நீர் பிற்பகல் 3, 4 மணிக்கு வரும், அதுவும் கொஞ்சம்தான் இறங்கும். அஷ்டமியில் எதையும் தொடங்காதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்த ஒரு விஷயத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது.

தோராயமான நாளை இப்படிக் குறித்துக்கொண்டு, பிறகு டர்பன் அல்லது ரிச்சர்ட்ஸ் பே அலை அட்டவணையில் சரியான நேரத்தைப் பாருங்கள். கூடவே விடுமுறைகளையும் பாருங்கள். டிசம்பர் பள்ளி விடுமுறையும் ஈஸ்டரும் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். செப்டம்பர் 24 பாரம்பரிய நாள், ஊரே பிராய் போடும் நாள், அதாவது கரியில் இறைச்சி சுடும் நாள். அது புரட்டாசிக்குள் வருகிறது. குழுவில் பாதிப் பேர் அசைவம் தொடமாட்டார்கள் என்பதை இறைச்சி வாங்கும் முன் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு: இங்கே டிசம்பர், ஜனவரிதான் புழுக்கமும் மழையும். மே முதல் ஆகஸ்ட் வரை வறண்டு, இரவில் குளிர்ந்து, கொசு குறைந்து இருக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை கரையில் நின்றபடியே திமிங்கிலம் பார்க்கலாம். சிறு குழந்தையோடு முதல் தடவை போக எனக்குப் பிடித்தது மே மாதம்.

3. முன்பதிவு: இரண்டு கட்டணம், இரண்டு இடம்

தங்குவதற்குப் பணம் கட்டிவிட்டோமே, பிறகு கேட்டில் ஏன் கேட்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் யாராவது சண்டைக்குப் போவார்கள். முகாமை நடத்துவது எசெம்வேலோ என்ற மாகாண வனவிலங்குத் துறை. நீங்கள் முன்பதிவு செய்வது அவர்களிடம். பூங்காவுக்குள் நுழைவதற்கான கட்டணம் வேறு, அதை வாயிலில் தனியாகக் கட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் செலவைக் கணக்குப் போட வேண்டும்.

முன்பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் சைட்டில் மின் இணைப்பு இருக்கிறதா, எத்தனை டென்ட் வரை போடலாம், எங்கள் காருக்கு மணல் ஒத்துவருமா. முகாமுக்குள் சில வளைவுகளில் மணல் இளகிக் கிடக்கும். முன்சக்கரம் மட்டும் இழுக்கும் சின்ன கார்கள் அங்கே சுழன்றுகொண்டே நிற்கும். சைட்டைப் பார்த்துவிட்டுத்தான் காரை உள்ளே விட வேண்டும்.

உறுதிச் சீட்டை அச்செடுத்து, அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட்டோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் இருக்கிறதே என்று நம்பாதீர்கள், கேட்டுக்குப் பிறகு சிக்னல் வரும், போகும். நாயைக் கூட்டிப்போக முடியாது.

4. சாமான்: கடைசியில் ஏற்றுவதுதான் முதலில் இறங்கும்

புதியவர்கள் டென்டை முதலில் வைத்து, அதன் மேல் அரிசிப் பை, கூலர் பாக்ஸ், தலையணை, சைக்கிள் என்று அடுக்குவார்கள். சைட்டில் போய் நின்றதும் எல்லாவற்றையும் மணலில் இறக்கினால்தான் டென்ட் கைக்கு வரும். அதற்குள் குரங்குகள் பிரெட்டை எண்ணிப் பார்த்துவிடும்.

பூட்டில் கடைசியாக ஏற வேண்டியவை: தரைவிரிப்புத் தார்ப்பாய், டென்ட், ஆணிப் பை, ரப்பர் சுத்தியல், ஒரு கட்டுக் கயிறு. இவை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். உணவுப் பெட்டி பின்சீட்டில், மூடிய கதவுக்குள் இருக்கட்டும்.

பலர் மறப்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். மணல் ஆணி: சாதாரண ஆணியைவிட நீளமும் அகலமும் கூடியது. கேம்பிங் கடைகளில் தனியாகக் கிடைக்கும். நீல நிறக் கேரவன் பிளக் பொருத்திய நீண்ட ஒயர், குறைந்தது 20 மீட்டர். முகாம்களின் மின் பெட்டியில் வீட்டுப் பிளக் நுழையாது, இந்த நீலப் பிளக்தான் நுழையும். அந்த இணைப்பு பெரும்பாலும் 16 ஆம்ப் என்பதால் கெட்டிலையும் இரண்டு ஹாட் பிளேட்டையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும், உங்களோடு சேர்ந்து பக்கத்து சைட்டும் இருட்டாகும். ஆளுக்கொரு ஹெட்லாம்ப். கையில் பிடிக்கும் டார்ச்சை வைத்துக்கொண்டு குழந்தைக்குச் சட்டை மாற்றிப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று தெரியும். டென்ட் வாசலில் போட ஒரு பழைய கோரைப்பாய், கூட்டிவிட ஒரு சின்ன விளக்குமாறு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் குடிநீர். விறகும் கரியும் வழியில் வாங்குவது. காட்டில் விழுந்து கிடக்கும் மரத்தை எடுக்கக் கூடாது.

வீட்டு முற்றத்தில் டென்டை ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் கிளம்பவே கூடாது. புது டென்டுக்கு இது இன்னும் முக்கியம். கம்பு ஒன்று குறைவாக இருப்பது கடையிலிருந்து 250 கிலோமீட்டர் தள்ளித்தான் தெரிய வேண்டுமா?

5. சமையலில் பாதி வீட்டிலேயே முடியட்டும்

முதல் நாள் இரவுச் சாப்பாட்டை அங்கே சமைக்கத் திட்டமிடாதீர்கள். எல்லோரும் களைத்திருப்பார்கள், அடுப்பு எந்தப் பெட்டியில் என்றும் தெரியாது. சுகர் பீன்ஸ் கறியோ சிக்கன் கறியோ முந்தின நாளே வைத்து, ஜிப் பையில் தட்டையாக ஊற்றி உறைய வைத்துவிடுங்கள். அதுவே கூலர் பாக்ஸுக்கு ஐஸ் கட்டி மாதிரியும் இருக்கும். ரொட்டியைச் சுட்டுத் துணியில் சுற்றிக்கொண்டால் முதல் இரவு முடிந்தது.

2 லிட்டர் பாட்டில்களில் தண்ணீரை உறைய வைத்துக் கூலர் பாக்ஸின் அடியில் அடுக்குங்கள். கடையில் வாங்கும் உதிரி ஐஸ் மறுநாளே உருகி உள்ளே குளமாகும், வெண்ணெய் அதில் மிதக்கும். பாட்டில் ஐஸ் உருகினால் குடிக்கலாம். குளிர்பானத்துக்குத் தனி பாக்ஸ் வைத்துக்கொள்வது நல்லது. அரை மணிக்கொரு முறை குழந்தைகள் திறப்பது அதைத்தான்.

தோசைமாவு எடுத்துப்போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிப்ரவரி மாதம், நன்றாகப் பொங்கிய மாவைப் பெரிய பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடிக் கொண்டுபோனோம். வழியிலுள்ள மட்டுபட்டுபா ஊரைத் தாண்டும்போது பின்னால் டொப்பென்று ஒரு சத்தம். டயர் வெடித்துவிட்டது என்று நினைத்து ஓரங்கட்டினேன். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை, மாவு கூரையில் இருந்தது. மாவைப் புளிக்க விடாமல் அரைத்த கையோடு உறைய வைத்து எடுத்துப் போங்கள். அங்கே போனதும் வெளியில் எடுத்து வைத்தால் மறுநாள் காலைக்குள் புளித்துவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

இந்த ஊர்க்காரர்கள் கேஸ் சிலிண்டர் மேல் வைக்கும் ஸ்காட்டல் தட்டு வெங்காயம், முட்டை வதக்க அருமையானது. தோசைக்கு உதவாது. நடுவில் குழி இருப்பதால் மாவு எல்லாப் பக்கமிருந்தும் வழிந்து நடுவில் தேங்கும், ஓரம் கருகும், நடு வேகாது. ஊத்தப்பம் வேண்டுமானால் அதில் ஒப்பேற்றலாம். தோசை வேண்டுமென்றால் வீட்டுக் கல்லைக் கொண்டுபோய்த் தட்டையான கேஸ் அடுப்பில் வையுங்கள். காற்று மறைப்புத் தகடும் வேண்டும், இல்லையென்றால் கல் சூடே ஏறாது. சிலிண்டரை மாட்டியதும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு. மழை வந்தாலும் டென்டுக்குள் அடுப்பு, கரிச்சட்டி எதையும் கொண்டுபோகாதீர்கள். கரிப்புகை மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

சைவக்காரர்கள் இருந்தால் பிராய் கம்பி வலை இரண்டு வேண்டும். ஒரே வலையைத் தேய்த்துக் கழுவித் தருகிறேன் என்று சொல்லிப் பெரியம்மாவைச் சம்மதிக்க வைக்க முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள்.

6. கேட் மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கேப் விடாலுக்கு நுழையும் வாயில் பங்காசி கேட். செயின்ட் லூசியா ஊரைத் தாண்டியதும் வரும். நவம்பர் முதல் மார்ச் வரை காலை 5 முதல் மாலை 7 வரை, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 6 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும். கிளம்பும் முன் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதியவர்கள் டர்பனில் கிளம்பும் நேரத்திலிருந்து முன்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள்: மதியம் 1 மணிக்குக் கிளம்பினால் 4 மணிக்கு செயின்ட் லூசியா, கேட்டே 6 மணிக்குத்தானே மூடுகிறது என்று. கேட்டுக்கு அப்பால் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் இருக்கிறது. காண்டாமிருகம், எருமை, வரிக்குதிரை குறுக்கே வரும் சாலை, மெதுவாகத்தான் போக முடியும். நிற்காமல் போனாலே முக்கால் மணி நேரம். விலங்கு தெரிந்தால் பிள்ளைகள் நிற்காமல் விடமாட்டார்கள்.

இப்படி எண்ணுங்கள். ஜூனில் மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். புதியவர்களுக்கு டென்ட் போட ஒன்றரை மணி நேரம், அசம்பாவிதத்துக்கு இன்னொரு அரை மணி. ஆக 3 மணிக்குச் சைட்டில் நிற்க வேண்டும். 2 மணிக்குக் கேட். செயின்ட் லூசியாவில் பெட்ரோல், கரி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், ஆக 1 மணிக்கு அங்கே. டர்பனிலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர், நிறுத்தங்களோடு மூன்றரை முதல் நான்கு மணி நேரம். காலை 9 மணிக்கு வீட்டை விட்டிருக்க வேண்டும். எங்கள் குழுவிடம் நான் 8 மணி என்று சொல்வேன். 9 மணிக்குக் கிளம்புவார்கள்.

வழி எளிது. என்2 சாலையில் வடக்கே, டொங்காட், ம்வோட்டி, ம்டுன்சினி என்று மூன்று சுங்கச் சாவடிகள். மட்டுபட்டுபாவில் ஆர்618 சாலைக்குத் திரும்பினால் நேராக செயின்ட் லூசியா. அந்தச் சாலையில் மாடுகளும் பள்ளிப் பிள்ளைகளும் ஓரத்திலேயே நடப்பார்கள், வேகத்தைக் குறையுங்கள். டேங்கை செயின்ட் லூசியாவில் நிரப்பிவிடுங்கள்.

கேட்டுக்குள் நுழைந்த பிறகு முதல் நாள் நேராக முகாமுக்கு. மிஷன் ராக்ஸ் கடற்கரை, பக்கவாட்டு வளையப் பாதைகள் எல்லாம் மறுநாளைக்கு. அனுமதித்த இடங்களைத் தவிர எங்கேயும் காரை விட்டு இறங்காதீர்கள். ஃபோட்டோவுக்காக ஒரு காலைக்கூட வெளியே வைக்காதீர்கள்.

7. சைட்டில் முதல் ஒரு மணி நேரம்

காரை நிறுத்தியதும் எதையும் இறக்காதீர்கள். ஐந்து நிமிடம் வெறும் கையோடு சைட்டைச் சுற்றி நடங்கள்.

முதலில் மேலே பாருங்கள். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியை விட்டுவிடுங்கள். பிறகு கீழே பாருங்கள். மழைத் தண்ணீர் ஓடிய தடம் மணலில் கோடாகத் தெரியும், அதன் மேல் டென்ட் கூடாது. பிறகு மின் பெட்டி எங்கே, ஒயர் எட்டுமா, யாராவது தடுக்கி விழும் வழியில் போகிறதா என்று பாருங்கள்.

கடைசியாகக் காற்று. இதில்தான் நாங்கள் முதல் முறை ஏமாந்தோம். இந்தக் கரையில் நல்ல வெயில் நாளில் வடகிழக்கிலிருந்து காற்று வீசும். எல்லாரும் அதற்குத் தக்கபடி வாசலைத் தென்மேற்குப் பக்கம் வைப்பார்கள். குளிர்முகம் (தெற்கிலிருந்து வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு) ஒன்று கடந்து போகும்போது காற்று சில நிமிடங்களில் தலைகீழாகத் திரும்பி, தென்மேற்கிலிருந்து அடிக்கும். பஸ்டர் என்று மீனவர்கள் சொல்வது இதைத்தான். அப்போது உங்கள் வாசல் திறந்த வாய் மாதிரி காற்றை விழுங்கும். வடகிழக்குக் காற்று சட்டென்று நின்று, அசாதாரணமாக அமைதியாகி, தெற்கே கறுத்த மேகப்பட்டை தெரிந்தால் அடுத்தது அதுதான். வாசலை மரங்கள் மறைக்கும் பக்கமாக வையுங்கள், கயிறுகளை எல்லாப் பக்கமும் கட்டுங்கள். இப்போது காற்று அடிக்காத பக்கத்தையும் விடாதீர்கள்.

இனி டென்ட். தரைவிரிப்பை டென்டின் அடிப்பரப்பைவிடச் சற்றுச் சிறியதாக மடித்துப் போடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்துணியில் வழியும் மழை அதில் விழுந்து டென்டுக்கு அடியில் ஓடிவரும். டென்ட் கிழியாமல் இருக்க என்று பெரிய தார்ப்பாயாகப் போட்டு, காலையில் தண்ணீர் மெத்தையில் எழுந்தவர்கள் உண்டு.

நான்கு மூலைகளைக் குறுக்கும் நெடுக்குமாக, எதிரெதிர் மூலையாக அடியுங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் தரை சுருங்கி ஜிப் மூடாது. ஆணியின் தலை டென்டை விட்டு வெளிப்புறம் சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும்.

ஆணி பிடிக்காத இளகிய மணலில் ஒரு கைவைத்தியம். கடைப்பை ஒன்றை எடுத்து, நிறைய மணல் அள்ளிப் போட்டு, வாயை முறுக்கி அதிலேயே டென்ட் கயிற்றைக் கட்டுங்கள். முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, பையைப் படுக்க வைத்து, மணல் போட்டு மிதியுங்கள். குழியிலிருந்து டென்ட் பக்கமாகக் கயிறு வெளியே வர ஒரு சின்னச் சரிவு வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கயிறு பையை மேலே தூக்கிவிடும். இழுத்துப் பாருங்கள், அசையாது. இதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் பக்கத்து சைட்டில் இருந்த ஒரு ஜூலு பெரியவர். நான் எட்டாவது ஆணியை அடிப்பதைப் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார். கிளம்பும்போது பைகளைத் தோண்டி எடுத்துவிடுங்கள்.

டென்ட் நின்ற பிறகுதான் படுக்கை. படுக்கை முடிந்த பிறகுதான் சமையலறை. சமையலறையை டென்டிலிருந்து எட்டடியாவது தள்ளி, காற்று அடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாக வையுங்கள், தீப்பொறி துணிமேல் விழாது. இவ்வளவும் முடிந்த பிறகு கடலைப் பார்க்கப் போகலாம். பிள்ளைகள் கெஞ்சுவார்கள். ஒரு பெரியவர் கூட்டிப் போகட்டும், மற்றவர்கள் முடிக்கட்டும்.

8. குரங்கும் இரவும்

கேப் விடாலில் இரண்டு வகைக் குரங்கு. வெர்வெட் ஒன்று, மரத்தில் கறுப்பாகத் தெரியும் சமாங்கோ இன்னொன்று. ஒரு காலை எங்கள் அக்கா ஒருத்தி வாழைப்பழம் உரித்துப் பிள்ளைக்கு நீட்டினாள். பிள்ளையின் கைக்கும் அவள் கைக்கும் நடுவில் மூன்றாவது கை ஒன்று வந்தது. தோல் மட்டும் அவளிடம் மிஞ்சியது.

டென்டின் ஜிப்பைக் குரங்கு திறக்கும். இரண்டு ஜிப் முனைகளையும் ஒரு சின்னக் கொக்கியால் சேர்த்து மாட்டுங்கள். ஆனால் உணவு மணம் உள்ளே இருந்தால் ஜிப்பைத் திறக்காமல் துணியையே கிழிக்கும். அதனால் டென்டுக்குள் பிஸ்கட்கூட வேண்டாம், எல்லாம் கார் பூட்டில். குப்பைப் பையும் உணவுதான், இரவில் மரத்தில் தொங்கவிடாதீர்கள். விளையாட்டுக்கும் எதற்கும் தீனி போடாதீர்கள். நீங்கள் போட்ட சமோசாவுக்கு அடுத்த வாரம் வருகிறவர்கள் விலை கொடுப்பார்கள்.

இரவில் கழிப்பறைக்குப் போகும்போது டார்ச்சை வீசி, புதர்ப் பக்கம் பார்த்த பிறகு நடங்கள். குழந்தைகளைத் தனியாக அனுப்பாதீர்கள். செயின்ட் லூசியா ஊர் முகாம்களில் தங்கினால் இது இன்னும் முக்கியம். அங்கே நீர்யானைகள் இரவில் தெருவுக்கே மேய வரும். துணி கிழிக்கிற மாதிரி, சீராக, விட்டு விட்டு ஒரு சத்தம் கேட்டால் அது புல் மேய்கிறது. சத்தம் போடாமல் திரும்பி உள்ளே போய்விடுங்கள். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் மட்டும் நிற்காதீர்கள். பயந்தால் அது தண்ணீரை நோக்கித்தான் ஓடும், வழியில் இருப்பவரைச் சுற்றிப் போகாது.

கொசு: வட குவாசுலு நட்டாலில் செப்டம்பர் முதல் மே வரை மலேரியா காலம். அந்த மாதங்களில் போனால், முக்கியமாகக் கர்ப்பிணியோ சிறு குழந்தையோ கூட வந்தால், கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள். சாயங்காலத்துக்கு முழுக்கை, களிம்பு, வலை. திரும்பி வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் அடித்தால், இன்ன இடத்துக்குப் போய்வந்தேன் என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும். சளிக்காய்ச்சல் என்று வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். புல்லில் நடந்து வந்த பிறகு முழங்கால் பின்புறம், இடுப்பு, பிள்ளைகளின் காதோரம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

9. கடலில் எப்போது, ஏரியில் எப்போதும் வேண்டாம்

ஏரி விஷயம் சுருக்கம்: பங்காசி ஏரியிலும் செயின்ட் லூசியா ஏரியிலும் முதலையும் நீர்யானையும் உண்டு. கால் நனைப்பதுகூடக் கிடையாது. கரையோரத்தில் பாத்திரம் கழுவ, மீன் சுத்தம் செய்ய இறங்காதீர்கள். முதலை அசையாமல் காத்திருக்கும், தண்ணீரின் மேல் ஒன்றும் தெரியாது. நன்னீரில் பில்ஹார்சியா நோய் தரும் கிருமியும் உண்டு.

கடலுக்கு வருவோம். டர்பன் கடற்கரைகளில் பழகியவர்கள் சுறா வலை எல்லா இடத்திலும் இருக்கும் என்று நினைக்கிறார்கள். வலை ரிச்சர்ட்ஸ் பே வரைதான். கேப் விடாலில் இல்லை. உயிர்காப்பாளர் இருப்பார் என்றும் எண்ணிக்கொள்ளாதீர்கள். பாறைத் தடுப்புக்கு உள்பக்கம், தாழ்நீரை ஒட்டிய நேரத்தில், இடுப்பளவுக்கு மேல் போகாமல் குளித்தால் போதும். தாழ்நீருக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இறங்கி, தண்ணீர் திரும்பத் தொடங்கியதும் கரையேறுவது எங்கள் வழக்கம். தண்ணீர் கலங்கலாக இருந்தாலோ, மழை பெய்து ஓய்ந்திருந்தாலோ, சாயங்காலமானாலோ இறங்க மாட்டோம்.

இழுப்பு நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்து, கையை உயர்த்தி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். இந்த நாட்டுக் கடற்கரைகளில் இளஞ்சிவப்பு நிற மிதவை ஒன்று கம்பத்தில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். முழுகுகிறவருக்கு எறிவதற்குத்தான் அது. அவசரத்துக்கு ஃபோனில் 112.

படகு இழுக்கும் டிராக்டர் மணலில் ஓடுவதைப் பார்த்து நாமும் காரை இறக்கலாம் என்று நினைக்கிறவர் வருடத்துக்கு ஒருவர் வந்துவிடுகிறார். கடற்கரையில் வண்டி ஓட்டுவது 2002 முதல் நாடு முழுக்கத் தடை. படகு இறக்க அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை கடலாமைகள் முட்டையிடக் கரையேறும். டார்ச்சை எடுத்துக்கொண்டு நீங்களாகத் தேடப் போகாதீர்கள், வெளிச்சம் பட்டால் அவை திரும்பிவிடும். உரிமம் பெற்ற வழிகாட்டிகளோடு செயின்ட் லூசியாவிலிருந்து போகலாம்.

10. தூண்டில் கொண்டுபோகிறவர்களுக்கு

உரிமம் முதலில், தூண்டில் பிறகு. பொழுதுபோக்குக் கடல் மீன்பிடி உரிமத்தைத் தபால் நிலையத்தில் வாங்கலாம். கரையில் வந்து கேட்பார்கள், அண்ணன் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் செல்லாது. ஷாட் மீன் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4, நீளம் 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அக்டோபர், நவம்பரில் அதைப் பிடிக்கவே கூடாது. அளவுகோலை டேப் போட்டு கூலர் பாக்ஸ் மூடியிலேயே ஒட்டிவிட்டால் தேட வேண்டியதில்லை.

11. கிளம்பும் நாள்

காலையில் மேல்துணி பனியில் நனைந்திருக்கும். எழுந்ததும் முதல் வேலை அதைக் கழற்றி வெயில் படும் கயிற்றில் போடுவது, டீ அதற்குப் பிறகு. சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். எல்லாவற்றையும் கட்டிய பிறகு கடைசியாக டென்டை மடிக்கப் போகிறவர்களுக்கு ஈரத் துணியும் வெளியேறும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கும். வெளியேறும் நேரம் உறுதிச் சீட்டில் இருக்கும்.

கரிச் சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை மேலே காட்டிச் சூடு இல்லை என்று பார்த்த பிறகு கொட்டுங்கள். மணலில் புதைக்காதீர்கள். மேலே ஆறிப்போய், அடியில் மணிக்கணக்கில் கனலும். வெறுங்காலோடு ஓடிவரும் அடுத்த வீட்டுப் பிள்ளைதான் அதை மிதிக்கும். மணலை ஒருமுறை சீவி, விட்டுப்போன ஆணிகளைப் பொறுக்குங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், டென்டைத் துணிக்கொடியில் விரித்துப் போடுங்கள். ஆணிகளையும் ஜிப்புகளையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்புக் காற்றில் இருந்த ஜிப் இரண்டே பயணத்தில் பச்சை பிடித்து இறுகிவிடும். அலசிக் காய்ந்த பிறகு ஜிப் பற்களில் மெழுகுவர்த்தியை ஒருமுறை தேய்த்து ஓட்டிவிட்டு, பிறகு பையில் போடுங்கள்.